கயானாவுக்கு என்ன எடுத்துப்போவது

ஆடி இரண்டாம் வெள்ளி, இரவு

அடுத்த மாதம் கரீபியன் பக்கம் கயானாவில் வேலை. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாகிவிட்டது. அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊரிலேயே தனியாக அடைத்துவைப்பார்களாம். அம்மா பல்லாவரம் சந்தையில் கறிவேப்பிலை வாங்கிவந்து காயவைத்திருக்கிறாள்.

அங்கே நான் தங்கப்போகும் வீட்டுக்காரம்மா சாயங்காலம் வீடியோ காலில் வந்தார். அவருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். கொசுவலை, மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு என்றார். அம்மா கறிவேப்பிலைத் தட்டைக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே போனைத் தன் தோட்டத்துக்குத் திருப்பினார். கூரை உயரத்துக்குக் கறிவேப்பிலை மரம்.

அந்த நேரம் எங்கள் தெருக் கோவில் ஸ்பீக்கரில் மாரியம்மன் பாட்டு போட்டார்கள். அவர் பேச்சை நிறுத்திக் கேட்டார். பிறகு தானும் ஒன்று பாடினார். உச்சரிப்பு வேறு மாதிரி இருந்தாலும் தமிழ்தான். "தாயே" மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்த அவருடைய முன்னோர்கள் பாடியதாம். வரும்போது இதன் அர்த்தத்தைக் கொண்டுவா, வேறு எதுவும் வேண்டாம் என்றார்.

அம்மாவைப் பார்த்தேன்.

"நம்ம பாட்டுதான்டி. ஆனா நான் கேட்டதே இல்லையே."

இப்போது விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. அந்த மெட்டை முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.