அப்பாதான் பேசுறேன்

ஜனவரி 12

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். அப்படி எழுதித்தான் பழக்கம், எழுதிவிட்டேன். என் நம்பரை நீ தடுத்து வைத்து ஆறு வாரம் ஆகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். தபால்காரரை உன்னால் தடுக்க முடியாதே!

சில்வண்டு எப்படி இருக்கிறாள்? ஓயாமல் பேசுகிறாள் என்று நான் வைத்த பேர், இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாயா? ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்ததா?

அவளுக்கு அப்பா போனான், எனக்குப் பிள்ளை போனான். மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான். அதற்கும் குறுக்கே நிற்கிறாய். நான் அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டேன்? வாரத்தில் ஒரு மணி நேரம் பேத்தியைப் பார்க்க விடு. இல்லையென்றால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. மிரட்டல்தான், வேறென்ன.

உன் மாமா

ஜனவரி 20

மாமாவுக்கு வணக்கம்.

பல் விழுந்துவிட்டது.

என்ன குற்றம் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கும் அவருக்கும் ஒரே குரல். கல்யாணமான புதிதில் நானே ஏமாந்து, "ஏங்க, எப்ப வருவீங்க?" என்று போனில் உங்களைக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஆஸ்பத்திரி வேலையில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் போனுக்கு அடித்து, அதே குரலில், "அப்பாதான் பேசுறேன், லாரியில ரொம்ப தூரம் வந்துட்டேன்" என்றீர்கள். ஒரு நாள் இல்லை, இரண்டு மாதம்.

அவர் இறந்ததை அவளுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என்னைப் பொய்க்காரி என்றாள். "அப்பா ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டாரு" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நான் அவரை இன்னொரு முறை சாகடிக்க வேண்டியிருந்தது.

வக்கீலைத் தாராளமாகப் பாருங்கள்.

மருமகள்

ஏப்ரல் 9

அன்புள்ள மருமகளுக்கு,

கோர்ட் உத்தரவு உனக்கும் வந்திருக்கும். மாதம் இரண்டு சனிக்கிழமை, பத்திலிருந்து பதினொன்று, கோர்ட் சொன்ன குழந்தைகள் மையத்தில், ஒரு அம்மாள் கூட இருந்து பார்த்துக்கொள்வாராம். ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் கை குலுக்கினார். நான் கடைக்கு வந்து ரிப்பேருக்கு வந்த தையல் மிஷின் ஒன்றைக் கழற்றிப் போட்டேன். திரும்பப் பூட்டத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கோர்ட்டில் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. முதல் நாள் நான் "ஹலோ" என்றதும் "அப்பா!" என்று கத்தினாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் போன பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். அந்தக் குரலை நானும் கேட்டேனம்மா. என் வாயிலிருந்துதான் வந்தது, ஆனாலும் கேட்டேன்.

உன் மாமா

ஏப்ரல் 15

மாமாவுக்கு,

உத்தரவுப்படி அழைத்து வருவேன். ஒரே ஒரு வேண்டுகோள். போனில் பேசியது யார் என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். அந்த அக்காவின் போன் அடித்தால் இன்னமும் எழுந்து ஓடுகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கோர்ட்டில் பார்த்தபோது பாதியாக இளைத்திருந்தீர்கள்.

மருமகள்

ஜூன் 10

அன்புள்ள மருமகளுக்கு,

முதல் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன். நீ வெளியே வராந்தாவில் இருந்தாய், கேட்டிருக்காது. "போன்ல பேசுனது அப்பா இல்ல கண்ணு, தாத்தா. அப்பா செத்துப்போயிட்டாரு. அம்மா சொன்னதுதான் நெஜம்" என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னொரு தடவ அப்பா மாதிரி பேசு" என்றாள்.

மாட்டேன் என்றேன்.

"அப்படின்னா நீ வேணாம்" என்று ஜன்னலோரப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமையும் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள். போன வாரம் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டேன், அழுதுவிட்டாள். போகப்போகச் சரியாகும் என்கிறார் அந்த அம்மாள். ஆகலாம். அதுவரை உத்தரவைக் காட்டி ஒரு குழந்தையை அழவிட எனக்கு மனசு வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் அவளால் திரும்பிக்கொள்ள முடிகிறது, குரலைத்தான் தாங்க முடியவில்லை. அதை மாற்ற என் கடையில் ஸ்பேர் பார்ட் இல்லை.

வக்கீலிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி நீ அழைத்து வர வேண்டாம். உன்மேல் வருத்தமே இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நீ சொன்னதுதான் சரி.

எனக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. என்றைக்காவது தாத்தா எங்கே என்று கேட்டால், உள்ளதைச் சொல்லம்மா. இரண்டு பஸ் மாறி வந்தால் கடை, தாத்தா உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்.

உன் மாமா