எண்ணாமல் விட்ட வளையம்

செங்கோட்டை அறுவை மில்லில் தேக்கு அறுத்துக்கொண்டிருந்தார்கள். தூள் பறந்து மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பழைய தோல்பையைத் திறந்தது போன்ற அந்த வாசனை உன் சேலையிலும் தலையிலும் எப்போதும் இருக்கும். மரம் தேய்த்த கையை உதறிவிட்டு அப்படியே வடையை எடுப்பாய். திட்டினால், "மரத்தூள் உடம்புக்கு ஒண்ணும் செய்யாதுட்டி" என்பாய்.

மில்கார அண்ணாச்சிதான் போன் செய்திருந்தார். பண்பொழிக்கு மேலே ஒரு தோட்டத்தில் பழைய தேக்கு காற்றில் சாய்ந்துவிட்டதாம், அடித்துண்டு வேண்டுமா என்று கேட்டார். எங்காவது மரம் விழுந்தது என்றால் வளையம் எண்ண ஓடுகிற பிழைப்பு நம்முடையது. சாரலில் நனைந்துகொண்டே போனேன். அண்ணாச்சி வழக்கம்போல என் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு நினைவு வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

வட்டமாக அறுத்து வாங்கிய துண்டை நம் தென்காசி மாடி அறைக்குக் கொண்டுவந்தேன். உன் நாற்காலியில்தான் வைத்தேன். வேறு இடம் இல்லை.

வருஷத்துக்கு ஒரு வளையம். மழை பெய்த வருஷம் அகலமாக இருக்கும், காய்ந்த வருஷம் இழையாக இருக்கும். பட்டையிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போனால் எந்த வருஷம் பஞ்சம் என்று தெரிந்துவிடும். கேட்பவர்களுக்கு இது சுலபமாகத் தோன்றும். நம் ஊர் மரத்தை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் தொல்லை. ஆனி ஆடியில் சாரல், நடுவில் வெயில், ஐப்பசியில் மறுபடி மழை. இடையில் மரம் அசந்து உட்கார்ந்துவிட்டு மீண்டும் வளரும். அந்த அசதியும் ஒரு கோடாக விழுந்து, ஒரு வருஷம் இரண்டு போலத் தெரியும். அப்படி ஒரு கோட்டைக் கண்டால் உனக்குச் சிரிப்பு. "மரம் ரெண்டு தீபாவளி கொண்டாடியிருக்குட்டி, தள்ளு" என்று சொல்லிவிட்டு எண்ணாமல் தாண்டிப் போவாய்.

நம் முதல் மரத்தில் அப்படித்தான் ஒரு கோட்டைத் தாண்டினாய். ஒரு பக்கம் தெளிவாகத் தொடங்கி, சுற்றி வரும்போது காணாமல் போகிற கோடு அது. நாம் இருவரும் நடை பழகிய காலத்தது. நான் அதை நிஜ வருஷம் என்றேன். புழு இலையைத் தின்றதோ என்னவோ, ஒரு பக்கம் வளர மரத்துக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான் என்றேன். நீ இல்லவே இல்லை என்றாய்.

எனக்கு எதற்கு அவ்வளவு பிடிவாதம் என்று உனக்குத் தெரியும். ஒரு சித்திரையில் குற்றாலத்தில், சொட்டுத் தண்ணீர் இல்லாத அருவிப் பாறையில் உட்கார்ந்துகொண்டு நீதான் சொன்னாய். நீ பிறந்த வருஷம் மழை இல்லாமல் நெல் கருகியதாம். உங்கள் அப்பா வயலை விற்றுவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போனாராம். அன்றிலிருந்து உங்கள் அத்தைக்கு நீ அருவியைக் குடித்தவள். பெரியப்பா வயலில் நடவு என்றால் உன்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உங்கள் அத்தை மேல் கோபம்தான் வந்தது.

உங்கள் பண்பொழி மலையடிவாரத்தில் அந்தக் காலத்து மழையை அளந்து வைத்தவர் யாருமில்லை. தென்காசிக் கணக்கு அங்கே செல்லாது, இங்கே நனையும்போது அங்கே துணி காயும். ஆகவே சாட்சி மரம் ஒன்றுதான். அந்தக் கோட்டை எண்ணாவிட்டால், ஆக மெலிந்த வளையம் நீ பிறந்த வருஷத்தில் வந்து நிற்கும். எண்ணினால் அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் ஒரு வருஷம் பின்னால் நகரும். பஞ்சம் நீ பிறப்பதற்கு முந்தைய வருஷத்துக்குப் போகும். அதை ஒட்டி இருக்கும் அகலமான வளையம் உன்னுடையதாகும்.

"எனக்கு வேணும்ங்கதுக்காக ஒரு வருஷத்தக் கூட்டச் சொல்லுதியா?" என்று கேட்டாய்.

"ஒனக்குச் சாதகம்ங்கதுக்காகவே கழிக்கலாமாட்டி?"

"கழிக்கலாம். நமக்குப் பாதகமா தப்புப் பண்ணுனா ஒருத்தரும் திருடின்னு சொல்ல மாட்டாங்க."

எவ்வளவு ஆத்திரம் வந்தது எனக்கு. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன். நீ பின்னாலேயே வந்து ஒரு பன் வாங்கிக் கொடுத்தாய். "இன்னும் நாலு மரம் கெடைக்கட்டும், அதுவே சொல்லட்டும்" என்றாய். மரங்கள் மெதுவாகத்தான் கிடைத்தன. நீ காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை.

புதுத் துண்டு காய்ந்ததும் சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, நைசான தாள்வரை தேய்த்தேன். லென்ஸை வைத்துக் குனிந்தேன். அந்தக் கோடு இருந்தது. எங்கேயும் அறுபடாமல் ஒரு முழுச் சுற்று. அசதிக் கோடு என்றால் ஓரம் கலங்கலாக இருக்கும், இது சுத்தமாக நின்றது, அதை ஒட்டிப் புது வருஷத்தின் பெரிய துளைகள் வரிசையாகத் திறந்திருந்தன. நீ போனபின் கிடைத்த மற்ற துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவற்றிலும் அதே இடத்தில் அதே கோடு. உன் நாற்காலியைப் பார்த்து, "சொன்னேன்லாட்டி" என்றேன். வாதத்தில் ஜெயித்து அழுதது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை துண்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பண்பொழிக்கு, உங்கள் அம்மாவிடம் போனேன். மடியில் வைத்து, எப்படி எண்ணுவது என்று காட்டினேன். மெலிந்த வளையத்துக்கு வந்ததும் அம்மா என் கையைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தாள்.

"இங்கனயா? இதுல அவ என் வயித்துல. கொடத்த இடுப்புல வைக்க முடியாம தலையில தூக்கிட்டு அலைஞ்சேன்."

விரல் அடுத்த வளையத்துக்கு நகர்ந்தது. "அப்போ இதுலதான் பொறந்தா."

"ஆமாம்மா."

"நல்லா அகலமா இருக்கே" என்று தடவினாள். பிறகு சொன்னாள். "பிள்ள பொறந்த அன்னைக்கு வீடே ஒழுகிச்சு. ஈரம் படாத மூலையாப் பாத்து அவளப் போட்டேன். எல்லார்ட்டயும் சொன்னேன், அவ அத்த சொன்னதுதான் ஊர்ல நின்னுச்சு. அவகிட்டயும் சொன்னேன். அம்மா எனக்காகச் சொல்லுதான்னு நெனச்சிட்டா."

உன்னிடம் அதுதான் கோளாறு. உனக்குச் சாதகமாக யார் சொன்னாலும், பெற்றவளே சொன்னாலும், மரமே சொன்னாலும் நம்பமாட்டாய். அந்தக் கோளாறு இப்போது எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் ஆசைப்பட்ட இடத்தில் ஒரு கோடு வந்து நின்றால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி குனிகிறேன். "எவனாவது கேட்டா என்ன சொல்லுவ?" என்று நீ பின்னால் நிற்கிறாய்.

இதையும் அப்படித்தான் பார்த்தேன். உனக்காக எதையும் கூட்டவில்லை. துண்டை அம்மா திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நீ பிறந்த வருஷம் நல்ல மழைட்டி. வீடு ஒழுகியிருக்கிறது.