வியாழக்கிழமைக் கார்

பாயா ரும்புட்டில் இருக்கும் அண்ணிக்கு,

சுகாதாரத்துக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று என்று மலாக்காவில் தனித்தனியாக இருந்த இரண்டு இலாகாக்களையும் சட்டமன்றம் ஒன்றாக்கிவிட்டது. அடுத்த மாதம் முதல் எல்லாம் ஜாசினிலேயே ஒரே ஆபீசில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்.

அதற்கு முன் சட்டமன்றக் குழு இங்கே வந்து எங்கள் சிரமங்களைக் கேட்டது. நானோ பெருமையாக, "ஒரு சிரமமும் இல்லைங்க, வியாழக்கிழமையானா எங்க அண்ணி கார்ல வந்து ரெண்டு ஆபீசுக்கும் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றேன்.

"அண்ணி வரலேன்னா?" என்றார் ஓர் உறுப்பினர்.

சக்கர நாற்காலியில் இருந்த கவினிஷாதான் சொன்னாள்: "அம்மாவும் நானும் வீட்டுலயே இருப்போம் லா." அதைத்தான் அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அண்ணன் உங்களை விட்டுப் போன பிறகும் நீங்கள் ஒரு வியாழக்கிழமைகூடத் தவறியதில்லை. அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுமில்லை. என் மகளைத் தூக்கி உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவீர்கள். நேரில் நன்றி சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இனி ஆபீசுக்குக் கார் தேவையில்லை. ஆனால் வியாழக்கிழமை உங்களுக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுவேன். மீன் குழம்பு. கவினிஷா காலையிலேயே வாசலுக்கு வந்துவிடுவாள்.

இப்போதும்,
உங்கள் நாத்தனார்