இருபத்தொன்பது என்று சொன்னேன்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கூண்டைத் திறந்ததும் இன்ஸ்பெக்டர் என் கால் கட்டைவிரலைக் கொத்திவிட்டுத்தான் வெளியே போனது. சேவல்தான். பெயர் என் மனைவி வைத்தது. அவள் திறந்தால் சாதுவாகப் போகும். என்னைக் கண்டால் மட்டும் விசாரணை.

மொத்தம் இருபத்து மூன்று. நாட்டுக் கோழிகள், பண்ணையில் கழித்துவிட்ட வெள்ளைக் கோழிகள், கத்தியே ஊரைக் கூட்டும் கினிக்கோழி நான்கு, வான்கோழி இரண்டு, எந்த ரகம் என்றே தெரியாத மொட்டைக் கழுத்து ஒன்று. யாருக்கும் வேண்டாத பறவை எப்படியோ இவளிடம் வந்து சேரும். கூண்டுப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததோடு சரி. டிப்போவில் முப்பது வருடம் பஸ்களின் நேரம் குறித்தவனுக்கு இறக்கை உள்ளவற்றோடு என்ன வேலை?

இப்போது எல்லா வேலையும் எனக்குத்தான். அவளுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு ஏழு வாரம்.

மார்ச் 6, வியாழன்

பயிற்சி கொடுக்க வரும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “கால்ல பலம் வந்துடுச்சு சார். சுவத்தப் பிடிச்சு நடக்கலாம். அவங்கதான் மனசு வைக்க மாட்டேங்கறாங்க.” மனைவியிடம் கேட்டேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். எங்கே நடந்து போக வேண்டும் என்ற அர்த்தத்தில் கையை விரித்தாள்.

மகள் போன் செய்தாள். “அம்மாவைப் பாக்கறதே பெரிய வேலை. கோழிங்களை வித்துடுங்கப்பா.” பார்க்கலாம் என்றேன்.

கஞ்சி வைத்து, அவளைத் துடைத்துவிட்டு, துணி துவைத்து, கூண்டைக் கழுவி... மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இடுப்பு கழன்றுவிடும்போல இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நானாக ஒரு காரியம் செய்தேன். சந்தையில் ஆறு கோழி வாங்கினேன். செம்பட்டை நிறம், நல்ல வாட்டசாட்டம். அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரட்டுமே என்றுதான்.

புதியவற்றைப் பகலில் விட்டால் பழையவை கொத்தியே கொன்றுவிடும். அவள் எப்படிச் செய்வாள் என்று எனக்குத் தெரியும். இருட்டிய பிறகு தூங்குகிறவற்றின் நடுவே கம்பில் ஒவ்வொன்றாக ஏற்றி உட்கார வைப்பாள். காலையில் எழுந்தால் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொள்ளும். அப்படியே செய்தேன். ஒரு சத்தம் இல்லை.

அவளிடம் சொன்னேன். இப்போது பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. “எத்தனை?” என்றாள். இருபத்தொன்பது என்றேன். சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனாலும் சிரிப்புதான்.

மார்ச் 12, புதன்

செம்பட்டைகளில் ஒன்று தும்முகிறது. கோழி தும்மும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

மார்ச் 13, வியாழன்

மூன்று செத்துக் கிடந்தன.

மார்ச் 14, வெள்ளி

கால்நடை டாக்டர் வந்தார். நல்லவேளை, கூண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அவள் படுக்கை முன்னறையில். பாதிக்கு மேல் கோழிகளுக்குக் கண் வீங்கி, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது.

“புதுசா எதையாவது சேர்த்தீங்களா?”

சொன்னேன்.

“தனியா எத்தனை நாள் வச்சிருந்தீங்க?”

தனியாகவா?

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “அம்மா மூணு வாரம் தள்ளி வச்சுப் பாப்பாங்களே சார்” என்று மட்டும் சொல்லி, கொட்டகைக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறது. வருடக்கணக்காக இருக்கிறது. பழைய சாமான் என்று நினைத்து அதன்மேல் என் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தேன். அவள் அந்த மூன்று வாரம் செய்ததை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. கடைசி ராத்திரியை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் தெரியும் என்று கிளம்பியிருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்ல இருந்து என்னத்தடா பாத்த நீ?

மார்ச் 15, சனி

மேலும் இரண்டு. வேலியோரம் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன்.

சாயந்திரம் “எத்தனை?” என்றாள்.

இருபத்தொன்பது என்றேன்.

பின்கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன். கொசு வருகிறது என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

முட்டைக் கூடையைத் தினமும் அவள் மடியில் வைக்க வேண்டும். இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிப் பார்ப்பாள். ஒரு நாளில் அவளுக்கு இருக்கும் ஒரே வேலை அதுதான். இன்று கூண்டில் இருந்தது ஒரே முட்டை. அதையும் மருந்து கொடுத்து முடியும்வரை சாப்பிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கடைக்குப் போய்ப் பழுப்பு முட்டையாகப் பார்த்து எட்டு வாங்கி வந்தேன். வீட்டில் கோழி வளர்க்கிறவன் முட்டை வாங்க வருகிறானே என்று கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார். அவள் எடுத்தாள், உருட்டினாள், வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தப்பித்தேன்.

தப்பித்து என்ன? சோறு இறங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்ஸ்பெக்டரும் போய்விட்டது. கடைசிவரை என்னை முறைத்துக்கொண்டேதான் இருந்தது. இதோடு பதினொன்று. பாக்கி பதினெட்டு. இவை தேறிவிடும் என்கிறார் டாக்டர்.

மார்ச் 21, வெள்ளி

என்னால் முடியவில்லை. உண்மை அவ்வளவுதான். எல்லாவற்றையும் விற்றுவிடக் கோழி வியாபாரியைக் கூப்பிட்டு, நோய் வந்ததை மறைக்காமல் சொன்னேன். மருந்து முடிந்து இரண்டு வாரம் போகட்டும், ஏப்ரல் ஐந்தாம் தேதி சனிக்கிழமை கூடைகளோடு வருகிறேன் என்றார். மனது லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

விடிந்து தலையைச் சீவிவிடும்போது கேட்டாள். “இன்ஸ்பெக்டர்... ஏன்... கூவல?”

தொண்டை கட்டியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சீப்பைக் கீழே வைத்தேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சந்தை, அந்த ராத்திரி, குழி, பதினொன்று. அழுதேன் என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அவள் அழவில்லை. “தெரியும்” என்றாள்.

எப்படி என்றேன்.

“முட்டை... சில்லுனு... இருந்துச்சு.”

கடையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கோழிக்கு அடியிலிருந்து வரும் முட்டை எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்?

“அப்புறம் ஏன் சொல்லல?”

நெடுநேரம் சொற்களைத் தேடினாள். “சொன்னா... வித்துடுவீங்க.”

வியாபாரியிடம் சொல்லிவிட்டதையும் அப்போதே சொன்னேன். என்னால முடியலம்மா, உன்னையும் பாத்து அதுங்களையும் பாக்க என் உடம்புல ஒண்ணும் இல்ல என்றேன். கத்தினேன் என்றே நினைக்கிறேன்.

சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 24, திங்கள்

பேசவில்லை. கஞ்சி குடித்தாள்.

மார்ச் 28, வெள்ளி

இன்றும் ஒரு சொல் இல்லை. பயிற்சிப் பெண் வந்தபோது மட்டும் அறைக் கதவைச் சாத்தச் சொன்னாளாம். ஒரு மணி நேரம். என்மேல் அவ்வளவு கோபம். இருக்கட்டும். இன்று ஒரு நாள் தாமதமாக எழுந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டே விடிவதற்கு முன் எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மதியம் சாப்பிட்டுவிட்டு ஐந்து நிமிடம் என்று சாய்ந்தவன், கண் விழித்தபோது இருட்டிவிட்டது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். கூண்டு திறந்தே கிடக்கும். நாய், கீரி... நாளைக்குக் கொடுக்க வேண்டிய பதினெட்டும் போச்சு.

அவள் கட்டிலில் இல்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். பின்கதவு திறந்திருந்தது. கூண்டு வாசலில், தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது. கட்டிலிலிருந்து அங்கே முப்பது அடியாவது இருக்கும். பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளச் சுவர்கூடக் கிடையாது. கூண்டுக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளை இடது கையால் தள்ளியிருக்கிறாள், பாதிதான் போயிருந்தது.

“விழுந்திருந்தா?” என்றேன்.

“விழுந்தேன்” என்றாள். “எந்திரிச்சேன்.”

பிறகு, நான் கேட்காமலேயே, “பதினெட்டு. எண்ணிட்டேன். சாயந்திரம்... நான் அடைக்கறேன். நீங்க... தூங்குங்க.”

தாழ்ப்பாளை முழுக்கத் தள்ளிவிட்டு அவளைத் தாங்கி உள்ளே கூட்டி வந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, பாதமெல்லாம் மண்ணும் எச்சமும். வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

எழுந்தபோது மணி எட்டு.

வியாபாரி ஆறு கூடைகளோடு வந்தார். டீ கொடுத்து, வெறும் கூடைகளோடு அனுப்பிவைத்தேன்.