எட்டு வாரம் என்றார் டாக்டர்

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

நேற்று கம்பெனியில் தையல் மெஷின் முன்னாலேயே லேசாக மயங்கிவிட்டேன், பதறாதீர்கள். முழுகாமல் இருக்கிறேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், "எட்டு வாரம்" என்றார். நான் லீவில் வீட்டுக்கு வந்துபோயே ஆறு வாரம்தானே!

நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடைசியா பீரியட்ஸ் வந்த மொத நாள்லேருந்து எண்ணுவோம்மா. கரு தங்குறது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான்" என்றாள். அங்கே வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான் எனக்கு வந்தது. கணக்குச் சரிதான். ஆனாலும் அத்தை விரல் விட்டு எண்ணுவார்களே! நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

என் தொளதொள நைட்டி இரண்டை அனுப்புங்கள். ஷிப்ட் மணி அடித்துவிட்டது. நீங்கள் என்னை நம்புகிறீர்கள் என்று ஒரு வரி, உடனே எழுதுங்கள்.

உங்கள் மனைவி