முந்நூறு மீட்டர் தாங்கும் மணிக்கூடு

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாலைதீவில் நான் நல்ல சுகம்.

முந்தாநாள் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் ஹோட்டலில் தங்கியிருக்கும் பணக்காரர் ஒருவர், ஆழ்கடல் சுழியோடிகளுக்கென்று செய்த மணிக்கூடு கட்டியிருக்கிறார். இருட்டிலும் ஒளிரும், கையில் வாங்கினால் கல்லாய்க் கனக்கும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவருக்கோ நீந்தவே தெரியாது. "முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும், பாருங்கள்" என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, படகிலிருந்து அதைக் கடலில் எறிந்தார்.

"நீ உக்குவளையில சுது கங்கையில நீந்தினவன்தானே, குதிடா" என்றார் எங்கள் மாத்தளைக்கார மெனேஜர். எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பணக்காரர் அதை இன்னும் ஆழமான இடத்தில் எறிந்தார். அதையும் எடுத்து வந்தேன். காதிலிருந்து இரத்தம் வடிந்தது. அவர் மணிக்கூட்டைத் துடைத்துப் பார்த்து, "ஒரு கீறல்கூட இல்லை!" என்று சிரித்தார்.

பயப்பட ஒன்றுமில்லை. மாமி மகன் ஹுஸ்னி இங்கே வரும்போது கொஞ்சம் பஞ்சு கொடுத்தனுப்புங்கள். இனி வட்ஸ்அப்பில் பேசி அனுப்பாமல், தங்கச்சி ஷஸ்னாவைக் கொண்டு எழுதி அனுப்புங்கள்.

அவசரமாக முடிக்கிறேன், உம்மா. அந்த மனிதர் இன்று புதிய நண்பர்களோடு படகில் ஏறிவிட்டார். மெனேஜர் கரையில் நின்று கையை ஆட்டுகிறார். கனநேரமாகக் கூப்பிட்டிருப்பார் போல.

உங்கள் மகன்
ஸுஹைல்