இரண்டாவது கொடியைத் தாண்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் இடது மணிக்கட்டைத் தவிர, அதுவும் இப்போது தேவலை, அந்தக் கதை கீழே வருகிறது. நீயும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. முந்தாநாள் சனிக்கிழமை காலை நான் அடித்த கோல்ஃப் பந்து இரண்டாவது கொடியைத் தாண்டிப் போய் விழுந்தது. நேராகப் போய் விழுந்தது. பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த பல் டாக்டர் ஒருவர்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன், நாலாவது தடவை ஆரம்பித்ததும் அவள் மிக்ஸியைப் போட்டுவிட்டாள்.

நான் ஓய்வு பெற்றதற்கு நீ கோல்ஃப் பத்து வகுப்புக்குப் பதிவு செய்து கொடுத்தாயே, அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வாங்கினேன், உள்ளுக்குள் கடுப்புதான். முப்பத்தோரு வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனை மறுபடி மாணவனாக்குகிறாளே என்று. அங்கே போனால் வாசலிலேயே ‘டிரைவிங் ரேஞ்ச்’ என்று பலகை, பந்து அடித்துப் பழகும் இடத்துக்கு அதுதான் பெயராம், வேலையை விட்டாலும் அது என்னை விடாது போலிருக்கிறது. ஒரு நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகத் தடுப்புகள், காலடியில் பச்சைப் பாய், ஒரு வாளி நிறையப் பந்து, எதிரே வெட்டவெளியில் தூரத்துக்கு ஒன்றாக நாலு கொடிகள். கோச் உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள், குள்ளமான பெண், குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். நான் மட்டை என்றால் கிளப் என்று திருத்துவாள். முதல் வகுப்பில் நாலு விஷயம் சொன்னாள். பிடி இறுக்கமாக இருக்கக் கூடாது, கால் இரண்டும் தோள் அகலத்துக்கு இருக்க வேண்டும், தலை ஆடக் கூடாது, கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும்போது அவசரம் கூடாது. இதற்கா பத்து வகுப்பு என்று நினைத்தேன். இரண்டாம் வகுப்பிலும் அதே நாலு, மூன்றாவதிலும் அதே நாலு. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ‘தெரியும்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆனால் பந்து மட்டும் வாரத்துக்கு வாரம் மோசமாக இடது பக்கமாகவே வளைந்து போய் ஓரத்தில் கட்டியிருக்கிற வலையில் விழுந்தது. நான் கிளப்பைக் குறை சொன்னேன், பாயைக் குறை சொன்னேன், ஒருநாள் காற்றைக்கூடச் சொன்னேன்.

உன்னிடம் இதுவரை மறைத்த ஒன்று இருக்கிறது. ஏழாவது வகுப்பில் அவள் “சார், முதல்ல கையைப் பாருங்க” என்று ஆரம்பித்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “ஏம்மா, பாடின பாட்டையே எத்தனை நாளைக்குப் பாடுவ? புதுசா ஏதாவது இருந்தா சொல்லு, இல்லன்னா விடு” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு அடி தள்ளி நின்றாள். நான் பெரிய வீரன் மாதிரி பலத்தையெல்லாம் சேர்த்து வீசினேன், கிளப் பந்தை விட்டுவிட்டுப் பாயில் மோதியது, மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அவள்தான் ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்து கட்டினாள். அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு வாரம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை, கைவலி என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு உன் அம்மாவின் உயிரை எடுத்தேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், “கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாருன்னு முப்பது வருஷமா அதையேதான சொன்னீங்க? அப்ப அது பாடின பாட்டு இல்லையா?” நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை போனது கற்றுக்கொள்ள இல்லை, மீதி வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான். காலை நேரம், கூட்டம் இல்லை, அந்தப் பல் டாக்டர் மட்டும்தான், கோச் கடைசித் தடுப்பில் தனியாக அடித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் குனிந்து தன் கையைப் பார்க்கிறாள், காலைப் பார்க்கிறாள், உதடு அசைகிறது. கிட்டே போனால் எனக்குச் சொல்வாளே அதே நாலு வார்த்தை, தனக்கே சொல்லிக்கொள்கிறாள். பதினெட்டு வருஷமாக ஆடுகிறவள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. “உனக்குமாம்மா இது வேணும்?” என்று கேட்டேன். திரும்பிப் பார்த்து, “எனக்குத்தான் சார் ரொம்ப வேணும். புதுசா வர்றவங்க பயந்துகிட்டு கையைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. நமக்குத் தெரியும்ல, அதனால பார்க்கவே மாட்டோம், அது பாட்டுக்கு நகர்ந்திடும்” என்றாள். அன்றைக்குக் கத்தினதுக்கு மன்னிச்சிடும்மா என்றேன். வாயில் வந்துவிட்டது, வந்ததும் நல்லதாகப் போயிற்று. அவள் அதைப் பெரிதுபடுத்தாமல் ஒரு கிளப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வந்தவன் பிடித்துக்கொண்டேன். “கையைப் பாருங்க சார்” என்றாள். பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். வலது கை மேலே இருக்க வேண்டியது, உருண்டு கிளப்புக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால், “மூணாவது வகுப்புலேருந்து சார், ஒவ்வொரு தடவையும் சொன்னேனே” என்கிறாள். அவள் ‘கை’ என்று ஆரம்பித்ததுமே நான் காதை மூடிக்கொண்டேன், அதற்குப் பின்னால் எனக்கென்றே ஒரு வாக்கியம் இருந்திருக்கிறது. கையைத் திருப்பி வைத்தேன், அந்நியன் கை மாதிரி இருந்தது. கால், தலை, அவசரமில்லை. வீசினேன். அடித்த மாதிரியே தெரியவில்லை, ‘டொக்’ என்று ஒரு சத்தம், உள்ளங்கையில் அதிர்வே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் பந்து இன்னும் மேலேயே போய்க்கொண்டிருக்கிறது. கோச் கை தட்டினாள். அடுத்த பந்து மறுபடி வலையில்தான் விழுந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பந்துக்கு நான் கையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் உன் ஞாபகம்தான். உனக்குப் பத்தொன்பது வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, “அதான் தெரியுமேப்பா” என்று நடுவழியில் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு நடந்தே வீடு போனாய். நாலு நாள் உன்னோடு நான் பேசவில்லை. கடைசியில் என்னோடு வேலை பார்த்தவரிடமே போய்க் கற்றுக்கொண்டாய், அதை அவர் எனக்குச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. இத்தனை வருஷமாக உன் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். இந்தப் பெண் அதே நாலு வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் என் கையைப் பார்த்துச் சொல்கிறாள் கண்ணு. நான் கண்ணாடியைப் பார் என்று சொன்னபோது உன்னைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த ஆள் காத்திருந்தார். நீ இறங்கிப் போனதில் தப்பே இல்லை.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது நம் வீட்டு மூலையில் இருக்கிற ஒட்டடை எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, உன் அம்மாவுக்குத்தான் திண்டாட்டம். அடுத்த வாரத்திலிருந்து உன் அம்மாவும் என்னோடு வருகிறாளாம், அடிக்க இல்லை, நான் கத்தாமல் இருக்கிறேனா என்று பார்க்க. எனக்கென்னவோ அவள் கை அரிப்பதாகத்தான் தெரிகிறது.

நீ எடுத்த காரியமெல்லாம் வளையாமல் போய் நினைத்த இடத்தில் விழட்டும், நோய் நொடி அண்டாமல் மனநிறைவோடு இரு. கடைசியாக ஒன்று. நேற்று நீ போன் பண்ணியபோது இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் “நல்லா இருக்கேம்பா” என்பாய், நானும் சரி என்று அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். நேற்று நீ “நல்லாத்தான் இருக்கேன்” என்றாய். அந்தத் ‘தான்’ எத்தனை வாரமாக இருக்கிறதோ எனக்குத் தெரியாது, நேற்றுத்தான் என் காதில் விழுந்தது. அது என்னவென்று எழுது, எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா